கை ஒழியாதவர்கள் கேட்ட கேள்விகள்

என் மாமனார் ஓர் ஆடி மாதம் தி. நகரில் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இதயம் பலவீனமாக இருப்பதால் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். இனி படுக்கைதான் என்பதை அவர்கள் எவ்வளவு மென்மையாகச் சொன்னார்களோ, அவ்வளவு கோபமாக அவர் கேட்டுக்கொண்டார். அடையாறில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு அவரைக் கொண்டுவந்தபோது லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. போர்வையில் கிடத்தி நான்கு பேர் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போனோம். "மாப்ள, மெதுவா. அடுத்த தடவை இறக்கும்போது எப்படி வேணா இறக்குங்க, நான் கேக்க மாட்டேன்" என்றார்.

என் மனைவி அவருக்கு ஒரே மகள். மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்ப்பவள். கணக்கு டேலி ஆகிவிட்டால் அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. அவள் சம்பளமில்லா விடுப்பு கேட்டபோது ஆடிட்டர் நல்ல மனதோடு கொடுத்தார். "ஏப்ரல் வரைக்கும் உன் நாற்காலில யாரையும் உக்கார வைக்க மாட்டேம்மா. அதுக்கப்பறம் என் கையில இல்லே, பாத்துக்கோ" என்றார். ஏப்ரலுக்குள் பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இல்லாவிட்டால் அவள் வேலை போய்விடும். எங்கள் வீட்டில் அந்த வருடம் முழுக்க இருந்த கவலை இது ஒன்றுதான்.

நான் ஏன் சம்பாதிக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டு இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன் நான். பனி கொட்டும் ஊர்க்காரர்கள் எந்தக் கம்பளியைப் போர்த்திக்கொள்ள வேண்டும், எந்தத் தலையணையில் படுத்தால் கழுத்து வலிக்காது என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பிறகு எழுதும் இயந்திரம் வந்தது. அது வியர்க்காமல் எழுதியது. எங்கள் அலுவலகம் கலைந்து, நாங்கள் ஆளுக்கொரு திசையில் போனோம். கிடைத்த சில்லறை எழுத்து வேலைகளில் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த வேலையின் சூட்சுமம் எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு சின்ன விஷயத்துக்கென்று ஓர் இணையதளம் தொடங்க வேண்டும். அந்த விஷயத்தைத் தேடுகிறவர்கள் கண்ணில் நம் பக்கம் முதலில் படும்படி எழுத வேண்டும். படித்தவர், நாம் கொடுத்திருக்கும் லிங்க் வழியாகப் போய் இணையக் கடையில் பொருளை வாங்கினால், கடைக்காரர் நமக்கு ஒரு சிறு கமிஷன் தருவார். வாங்குகிறவருக்கு விலை கூடாது. மற்றவர்களுக்காக இதைத்தானே செய்துகொண்டிருந்தோம், நமக்காகச் செய்தால் என்ன என்று தோன்றியது. வீட்டில் அப்போது வந்து குவிந்துகொண்டிருந்தவை பெரியவர்களுக்கான டயப்பர், படுக்கைப்புண் வராமலிருக்கப் பம்ப் வைத்த காற்று மெத்தை, பெட்பேன், ரப்பர் விரிப்பு. அதையே எடுத்துக்கொண்டேன். தமிழில் எழுதுவது என்றும் முடிவு செய்தேன்.

பழைய அலுவலக நண்பன் ஒருவன் ஹெட்ஃபோன்களுக்கு இப்படி ஒரு தளம் நடத்தி நன்றாகவே இருந்தான். அவனிடம் சொன்னபோது டீ புரையேறச் சிரித்தான். "இன்னா மச்சி, டயப்பரு, பெட்பேனு... அதுவும் தமிழ்ல. எவன் தேடிக்கினு வரப் போறான்? அவனவன் மெடிக்கல்ல வாங்கிக்கினு போய்டுவான்."

முதல் சில மாதங்கள் அவன் சொன்னது அப்படியே பலித்தது. தொழில் முறைப்படி எல்லாவற்றையும் செய்திருந்தேன். 'முதியோருக்கான சிறந்த காற்று மெத்தைகள்', 'வயது முதிர்ந்தோருக்கான டயப்பர்: ஓர் ஒப்பீடு' என்று தலைப்புகள். அட்டவணைகள். நட்சத்திரக் குறிகள். ஒருவரும் வரவில்லை. தினமும் காலையில் மாமனார் கட்டிலில் இருந்தபடி, "மாப்ள, யாவாரம் எப்டி?" என்று கேட்பார். தி. நகரில் பாத்திரக்கடையில் காலம் முழுக்க விற்பனையாளராக நின்றவர். "இன்னும் போணி ஆகலை மாமா" என்பேன். "கடை வாசல்ல நின்னு கூப்புடணும். உள்ள உக்காந்து கம்ப்யூட்டரையே பாத்தா எவன் வருவான்?" என்பார். என்ன விற்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. மெத்தை என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் முற்பகல், என் மனைவி அவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து ஒருக்களித்து வைத்திருந்தாள். இன்னொரு கை ஈரத்துணியில். அவரோ டயப்பர் வேண்டாம் என்று அன்று காலையிலிருந்து போராட்டம். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தலையணை மேல் கிடந்த போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "அப்பா டயப்பர் போட மாட்டேங்கறார், என்ன பண்றது?"

"போட மாட்டேன்னா போட மாட்டேன்தான். அதுகிட்ட எதுக்குச் சொல்ற?" என்றார் மாமனார்.

போன் எதையோ தேடிக் காட்டியது. உபயோகமில்லாத எதையோ. நான் வாசலில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் ஏன் எழுதாமல் பேசித் தேடினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கை ஒழியவில்லை. படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிற யாருக்கும் கை ஒழியாது. ஒரு கை எப்போதும் யாரையாவது பிடித்துக்கொண்டிருக்கும். அவர்கள் பக்கத்தில் இருக்கும் மனுஷியிடம் கேட்பது போலத்தான் போனிடம் கேட்பார்கள். அப்பா என்பார்கள், அம்மா என்பார்கள். தன் அப்பாவை எவளாவது முதியோர் என்பாளா? இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, என் வீட்டுக் கூடத்திலேயே இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே சிரிப்பு வந்தது.

அன்றே உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் கலைத்தேன். அட்டவணைகளைத் தூக்கிப் போட்டேன். 'அப்பா டயப்பர் போட மறுத்தால்' என்று ஒரு பக்கம். கேள்வியை நான் கேட்பேன், அவள் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே பதில் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். முதலில் பேன்ட் மாதிரி இருக்கும் வகையைக் கொடுத்துப் பாருங்கள், மேலே வேட்டி கட்டிவிடுங்கள், கண்ணாடியில் அவர் வேட்டியோடு இருப்பதைக் காட்டுங்கள் என்றாள். இது எந்த நிறுவனத்தின் விளம்பரத்திலும் இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்தது, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முன்பே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

தேடுபொறி, தளம் நடத்துகிறவர்களுக்கு ஓர் அறிக்கை தரும். எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்கள் கண்ணில் நம் பக்கம் பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் இருக்கும். ஹெட்ஃபோன் நண்பனுக்கு அது வியாபாரக் கணக்கு. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அந்தத் தை மாதம்வரை. ஒரு நாள் காலை அதைத் திறந்தவன் காபி ஆறிப்போகும்வரை படித்துக்கொண்டே இருந்தேன்.

'அம்மா சாப்பாட்ட வாயிலயே வச்சிருக்காங்க முழுங்கல.' 'அப்பா முதுகு செவந்திருக்கு என்ன தடவறது.' 'படுத்தவங்களுக்கு தலைக்கு எப்படி ஊத்தறது.' 'அத்தாவுக்கு படுத்துக்கிட்டே ஒளு செய்ய வைக்கறது எப்படி.' 'மாமியார் குளிப்பாட்டும்போது அடிக்கறாங்க.' 'அம்மாவுக்கு என் பேர் மறந்து போச்சு.'

கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன.  இவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள்? மந்தைவெளியில் நான் தினமும் தாண்டிப் போகும் மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் இருக்கலாம். சிந்தாதிரிப்பேட்டையில் கடைக்கு மேல் இருக்கும் ஒற்றை அறையில் இருக்கலாம். கொட்டிவாக்கத்தில் கடல் தெரியும் ஃபிளாட்டில் இருக்கலாம். காய்கறிக் கடையில் நமக்கு முன்னால் நின்று தக்காளி பொறுக்குகிறவர் வீட்டுக்குப் போய் இதைத்தான் செய்யப் போகிறாரோ என்னவோ. யாரும் யாரிடமும் சொல்வதில்லை. என் மனைவியும் சொன்னதில்லை. இத்தனை பேர், ஒரே நேரத்தில், இரண்டு கையாலும் யாரையோ பிடித்துக்கொண்டு ஒரு போனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோயில் கோபுரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தபோதுகூட நான் இப்படி மலைத்துப் போனதில்லை.

அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அம்மாவுக்கு என் பேர் மறந்து போச்சு" என்றதும் கஞ்சிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. "இதுக்கு என்ன விக்க முடியும் உங்களால?" என்று கேட்டாள். எதுவும் முடியாது என்றேன். "அப்ப விக்க வேண்டாம். ஆனா எழுதுங்க. நாலு வரியாவது எழுதுங்க" என்றாள்.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு பற்றிய கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. நமக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று என்னைக் கீழ்வீட்டுக்கு அனுப்பினாள். மீன்பிடி வலை வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மா உட்கார வைத்து விவரமாகச் சொன்னார். பிறகு, "யாருக்குக் கேக்குறீங்க தம்பி?" என்றார். யாரென்று தெரியாதும்மா என்று நான் சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, போகும்போது ஒரு டப்பா பிரியாணியும் கொடுத்தார்.

கமிஷனும் வரத் தொடங்கியது. அதற்குக் கடைக்காரர் தரும் அறிக்கை வேறு. யார் வாங்கினார் என்று அதில் இருக்காது. என்ன வாங்கினார் என்பது மட்டும் இருக்கும். நம் லிங்க் வழியாக உள்ளே போனவர் கடைக்குள் வேறு எதை வாங்கினாலும் அதுவும் நம் கணக்கில் வந்துவிடும். அதனால் டயப்பருக்குப் பக்கத்திலேயே கண் மை இருக்கும். ரப்பர் விரிப்புக்குக் கீழே கிரிக்கெட் பந்து. குக்கர் கேஸ்கெட், பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ், கல் வைத்த வளையல். ஒரு நாள் பெரியவருக்கான டயப்பரும் பச்சைக் குழந்தைக்கான டயப்பரும் அடுத்தடுத்து வந்தன. ஒரே ஆள் வாங்கியதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஆள்தான் என்று நானாக நினைத்துக்கொண்டு அந்த முகம் தெரியாத பெண்ணுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அதே அறிக்கையில் திருப்பி அனுப்பியவையும் வரும். திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போய்விடும். ஒரு திங்கட்கிழமை போன காற்று மெத்தை அந்த வார முடிவிலேயே திரும்பி வந்ததாகக் காட்டியது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மெத்தையைப் பற்றி அவ்வளவு விவரமாக எழுதியிருந்தேன். "பம்ப் சத்தம் போடும்னு தெளிவா போட்டிருக்கேனே. படிக்காமலே வாங்கறாங்க, படிக்காமலே திருப்பி அனுப்பறாங்க" என்று புலம்பினேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். "சத்தத்துக்காக இருக்காதுங்க. அந்த வீட்ல இனிமே அது தேவைப்பட்டிருக்காது" என்றாள்.

 அதற்குப் பிறகு திருப்பி அனுப்பியவற்றின் பட்டியலில் ஒரு மெத்தை வந்தால் எரிச்சல்பட்டதில்லை. யார் வீட்டுக் கட்டிலோ காலியாகிவிட்டது என்று சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

மாசி முடியும்போது, வருகிற பணத்தில் பகல் ஆள் வைக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஆளும் கிடைத்தார். முன்பு கூவம் கரையோரம் இருந்து, இப்போது பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டிருக்கும் ஓர் அம்மா. பஸ் மாறி மாறி அடையாறு வந்து சேருவார். முதல் நாள் உள்ளே வந்ததும் கட்டிலருகில் போய் இடுப்பில் கைவைத்து நின்றார். "இன்னா நைனா, மூஞ்ச உர்ருனு வச்சிக்கினு கீற? நான் வந்துட்டேன்ல."

"யாரும்மா நீ? மரியாதையா பேசு" என்றார் மாமனார். ஆனால் மறுநாள் அந்த அம்மா வரக் கொஞ்சம் தாமதமானதும், "எங்க அந்தப் பொம்பள?" என்று கேட்டவரும் அவர்தான்.

எல்லாம் கூடி வந்தது. பங்குனி உற்சவக் கூட்டம் கலைந்து மயிலாப்பூர் மாட வீதிகள் பழையபடி ஆகிவிட்டன. ஆடிட்டர் போன் செய்து திங்கட்கிழமை வருகிறாயா என்று கேட்டார். வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு வைத்தாள். புடவைகளை எடுத்து வைத்தாள். திரும்பவும் பீரோவுக்குள் வைத்தாள். சனிக்கிழமை மதியம், "நான் போகலைங்க. போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள்.

காரணம் கேட்டேன். சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதம் எதற்காக இதெல்லாம் செய்தோம் என்று கத்தியே விட்டேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் லேப்டாப் முன் உட்கார்ந்து, வேறு செய்ய ஒன்றும் இல்லாமல் கேள்வி அறிக்கையைத் திறந்தேன்.

நடுவில் ஒரு வரி இருந்தது. 'அப்பாவ விட்டுட்டு வேலைக்கு போறது தப்பா.'

என் கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். "என்கிட்ட கேக்க வேண்டியதுதானே? இந்தப் போன்கிட்டயா போய்க் கேப்ப?" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "நான் கேக்கலைங்க" என்றாள். "மனசுக்குள்ள கேட்டேன். தினம் கேக்கறேன். போன்ல கேக்கலை."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதோடு எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஓரிருவர் மட்டும் கேட்ட கேள்வியை அந்த அறிக்கை காட்டவே காட்டாது. கேட்டவர் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மறைத்துவிடும். பல பேர் கேட்டால்தான் வெளியே தெரியும். அதை அவளிடம் சொன்னேன்.

"அப்படின்னா..." என்றாள்.

"இது ஒருத்தர் இல்ல. நெறைய பேர்."

அவள் அப்படியே கீழே, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். திரையில் அந்த ஒற்றை வரி இருந்தது. ஊரில் எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள், புடவையை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் பீரோவுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்களோ. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அவ்வளவு பெரிதாக இருந்தது அது.

"உள்ள வந்து எத்தனை பேர் படிச்சாங்க?" என்றாள்.

"யாரும் இல்ல. அதுக்குப் பதில் நம்மகிட்ட இல்லியே. கண்ணுல பட்டதோட சரி, போயிட்டாங்க."

அவள் சொன்னாள்: "தப்பில்லைன்னு எழுதலாம். ஆனா செஞ்சு பாக்காததை நாம எழுதினதில்லையே. போய்ப் பாத்தாத்தான எழுத முடியும்?" எழுந்து போய்ப் புடவையை எடுத்து அயர்ன் பண்ண உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை போனாள். நான் பஸ் ஸ்டாப்வரை போனேன். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த சாலையில் பஸ் ஊர்ந்து போனது. பகலில் அந்த அம்மா மாமனாரோடு சண்டை போட்டு, சாப்பிட வைத்து, ரேடியோ போட்டுவிட்டு, சாயங்காலம் பஸ் பிடிக்கப் போனார். மாமனார் அன்று என்னிடம் வியாபாரம் பற்றிக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அவள் வந்தவுடன் கைகால் கழுவிவிட்டு நேராக அவரிடம் போனாள். தோளைப் பிடித்து மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் பவுடர் தடவினாள். "எழுதிக்கறீங்களா?" என்றாள் என்னிடம். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

"தப்பில்லை. ஆனா போற வழியெல்லாம் தப்புன்னுதான் தோணும். அடையாறு பாலம் தாண்டறப்ப இறங்கித் திரும்பிடலாம்னு இருந்துது. மத்தியானம் ஒரு மணி நேரம் அப்பாவை மறந்தே போயிட்டேன். கணக்குல மூழ்கிட்டேன். அப்பறம் ஞாபகம் வந்தப்ப, மறந்ததுக்காக அழுதேன். இதையும் எழுதுங்க. படிக்கறவங்களுக்கும் இதேதான் நடக்கும்."

தட்டச்சு செய்துகொண்டே வந்தேன். கீழே எந்த லிங்கும் போடவில்லை. போட ஒன்றும் இல்லை.

மாமனார் சுவரைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார். "மாப்ள, யாருக்கு எழுதறீங்க?"

"தெரியாது மாமா. இதைக் கேட்டவங்களுக்கு."

"அவ சொன்னாப் போதாது. எவளும் நம்ப மாட்டா" என்றார். "தப்பில்லைன்னு அப்பா சொன்னார்னு போடுங்க."

நான் அப்படியே எழுதிக்கொண்டேன். அவள் அவர் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.